வரவா என்று கேட்கக் கூடாத சுரங்கம்

தலையில் பாதிச் சடைதான் பின்னி முடிந்திருந்தது. மீதிப் பாதி என் அத்தையின் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சுரங்கத்துக்குள்ளிருந்து இரண்டு கார் ஹாரன்கள் கேட்டன.

ஒரு ஹாரன் என்றால் நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன். அரியலூர் சந்தைத் தெருவில் பிறந்தவளுக்கு அது காக்கை கத்துகிற மாதிரி. ஆனால் இரண்டு ஹாரன், அதுவும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல விட்டுவிட்டு அடித்தால், எங்கள் தெருவில் வெங்காயம் உரிப்பவர்கூட கையை நிறுத்திவிடுவார். உள்ளே இரண்டு வண்டி மூஞ்சியோடு மூஞ்சி முட்டி நிற்கிறது என்று அர்த்தம்.

ரயில் கேட் அடைத்துவிட்டதால் அந்த வழியாக ஒரு கார் வருகிறது என்று அப்போதுதான் சேதி வந்திருந்தது. அதில் எனக்குத் தாலி கட்ட வேண்டியவர் இருந்தார்.

"அசையாதடி, பூவு நழுவுது" என்றாள் அத்தை.

"அத்தே, உள்ள ரெண்டு வண்டி."

"இருந்தா இருக்கட்டும். நீ என்ன டிராபிக் போலீசா?"

சுரங்கம் என்றால் எது

இங்கே கொஞ்சம் நின்று, எங்கள் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லே குழப்பம்.

அரியலூர் பக்கம் சுரங்கம் என்றால் முதலில் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற பள்ளம். சிமெண்டு ஆலைகளுக்குக் கல் போகிற இடம். ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம் பக்கத்து ஆட்களைக் கேட்டால், சுரங்கம் என்றால் ராஜா தப்பித்துப் போன வழி என்பார்கள். எந்த ராஜா, யாரிடமிருந்து தப்பித்தார் என்று கேட்டால், "அதெல்லாம் அப்போ" என்பார்கள். எங்கள் தெருவுக்குச் சுரங்கம் என்றால் ரயில் மேட்டுக்கு அடியில் போகிற வண்டிப்பாதை. மேற்கே பஸ் ஸ்டாண்டு பக்கம். கிழக்கே சந்தை. நடுவில் இருட்டு.

மேற்கு வாயில் ஓரத்தில் வீராசாமி டீக்கடை. வீராசாமி அண்ணன் வெளியூர் ஆளைக் கண்டால், "இது நேரா ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போவுதுங்க" என்று பயபக்தியோடு சொல்வார். அந்த ஆள் நெஞ்சு படபடக்க உள்ளே போய், மறுபக்கம் கத்திரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் வெளியே வருவார். திரும்பி வந்து சண்டை போட்டால், "கோட்டை ஆளுங்களும் காய் வாங்கித்தானங்க ஆவணும்" என்பார் அண்ணன்.

ரயில் மேடு போட்ட காலத்திலேயே சுரங்கத்தையும் கட்டினார்கள் என்பதுதான் பெரியவர்கள் சொன்னது. வெள்ளைக்காரத் துரை ஒருவர், எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டாராம். யாருக்கும் அளவு சொல்லத் தெரியவில்லை. ஒரு குடியானவர் வைக்கோல் ஏற்றின வண்டியை ஓட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தி, "இவ்வளவு" என்றாராம். அந்தக் குடியானவர் அன்றைக்குக் கொஞ்சம் குறைவாக வைக்கோல் ஏற்றிவிட்டார் என்பது எங்கள் ஊரின் தீராத வருத்தம். அதற்குப் பிறகு வந்த எல்லா வைக்கோல் வண்டியும் கூரையில் உரசித்தான் போயிற்று. வளைவுக் கல்லின் இடுக்கில் எப்போதும் வைக்கோல் தொங்கும். சந்தைக்கு வரும் ஆடுகள் அங்கே வந்ததும் முன்னங்காலைச் சுவரில் வைத்து நிமிர்ந்து நின்றுவிடும். கயிறு அறுந்தாலும் நகராது.

சுவர்க் கல் எங்கள் மண்ணிலிருந்து வெட்டிய கல். அதில் நத்தை, சிப்பி எல்லாம் கல்லாகவே இருக்கும். எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடல் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எட்டாம் வகுப்போடு நின்று, அப்பாவின் வெங்காய மண்டியில் பொட்டலம் கட்ட வந்த பழைய பத்திரிகைகளைப் படித்தே மீதியைக் கற்றுக்கொண்ட நானும் அதை ஒரு கிழிந்த பக்கத்தில் படித்திருக்கிறேன். கை எட்டும் உயரத்தில் சுருண்ட நத்தைக்கல் ஒன்று உண்டு. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தடவித் தடவி அது எண்ணெய் பூசினாற்போல வழுவழுவென்று ஆகிவிட்டது. நானும் தடவியிருக்கிறேன். கணக்கில் அது கைகொடுத்ததில்லை.

கூவிட்டுப் போங்க

இந்தச் சுரங்கத்தில் ஒரு வளைவு இருக்கிறது. நேராகத் தோண்டவேண்டியதை ஏன் வளைத்தார்கள்? கான்டிராக்ட் எடுத்த இரண்டு பேரும் மாமன் மச்சான், பேச்சுவார்த்தை கிடையாது, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்து, நடுவில் வேறு வழியில்லாமல் சந்தித்தார்கள் என்று வீராசாமி அண்ணன் சொல்வார். உண்மையோ பொய்யோ, இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. உள்ளே ஒரு வண்டிதான் போகும். எதிரே வண்டி வந்தால், மாட்டை அவிழ்த்து வண்டியைப் பின்னால் தள்ளவேண்டியதுதான்.

அதனால்தான் கூவல் வந்தது. வண்டிக்காரர் வாயிலில் நின்று உள்ளே பார்த்து "வண்டீ..." என்று நீட்டிக் கூவ வேண்டும். எதிர்வாயிலில் இருக்கிற யாராவது, கடைக்காரரோ, பூக்காரம்மாவோ, சும்மா நிற்பவரோ, வழி காலியாக இருந்தால் "வா..." என்று பதில் கூவ வேண்டும். உள்ளே ஏற்கெனவே வண்டி இருந்தால், "இருக்கு" என்று அந்த வண்டிக்காரரே குரல் கொடுப்பார். இதற்குச் சம்பளம் இல்லை, ஆள் போடவும் இல்லை. வாயிலில் நிற்கிறவர் கூவ வேண்டும், அவ்வளவுதான். நானே பாவாடை கட்டின வயதிலிருந்து எத்தனை வண்டிக்கு "வா..." சொல்லியிருக்கிறேன் என்று தெரியாது.

சுரங்கச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. நாம் கூவுவதை முழுதாகத் திருப்பித் தராது. கடைசி எழுத்தை மட்டும் தரும். "வண்டீ" என்று கூவினால் "டீ..." என்று வரும். தன் கடைக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்பார் வீராசாமி அண்ணன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து சந்தைக்குத் துணி மூட்டையோடு வருகிற காதர் பாய், வாயிலில் நின்று "சலாம்" என்று மட்டும்தான் கூவுவார். சுவர் "லாம்..." என்று சொல்லும். "போலாம்னு சொல்லிடிச்சு" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை உருட்டுவார். இந்தப் பக்கமிருந்து நாங்கள் "வாங்க பாய்" என்போம்.

ஆக, எப்படி வேண்டுமானாலும் கூவலாம். ஒன்றே ஒன்று மட்டும் கூடாது. "வரவா?" என்று கேட்கக் கூடாது.

கேட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கூவிப் பாருங்கள். சுவரே "வா..." என்று சொல்லிவிடும்.

இது எங்கள் தெருவில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். வேப்பந்தட்டையிலிருந்து மாப்பிள்ளைக் காரை ஓட்டிவருகிற டிரைவருக்கு எப்படித் தெரியும்?

தடங்கல் என்ற சொல்

இரண்டு ஹாரனுக்கு நான் ஏன் அப்படி எழுந்தேன் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும்.

அது எனக்கு அமைந்த மூன்றாவது சம்பந்தம். முதல் சம்பந்தத்தில், பெண் பார்க்க வந்தவர்களின் வேன் வழியில் டயர் வெடித்து நின்றது. தடங்கல் என்று திரும்பிப் போனார்கள். இரண்டாவதில் நிச்சயமே ஆகிவிட்டது. அன்றைக்குக் கோயிலில் மணி அடிக்கும்போது கயிறு அறுந்தது. தடங்கல் என்று தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். கயிறு இற்றுப்போய் எத்தனையோ மாசமாயிற்று என்று பூசாரி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. "இவளுக்குன்னு பாத்து ஏதாச்சும் ஒண்ணு குறுக்க வந்துடுது" என்று சொந்தத்தில் பேச ஆரம்பித்தார்கள். வெங்காய மண்டியில் நின்று குரல் கொடுத்தால் ரயில் சத்தத்தையே அமுக்குகிற என் அப்பா, கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் மெதுவாகப் பேசினார்.

மூன்றாவதாக வந்தவர் வேப்பந்தட்டைச் செல்வராசு. கொஞ்சம் நிலம், ஒரு மோட்டார் ரிப்பேர் கடை. அவருக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். பெரியப்பா தும்மலுக்கு உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுகிற ஆள். நிச்சயத்தன்றே அப்பாவிடம் பட்டென்று சொல்லிவிட்டார்.

"எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குங்க. ஆனா தாலி ஏறுற வரைக்கும் ஒரு தடங்கல் வரக்கூடாது. வந்துச்சுன்னா நிறுத்திப்புடுவேன். அப்பறம் என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

அப்பா அன்றிலிருந்து வீட்டில் யாரையும் தும்மவிடவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் ஐப்பசி மழை அடித்து வெளுத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலையில் வந்து, சுரங்கத்துக்கு மேற்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் குளித்து உடுத்திக்கொண்டார்கள். மண்டபம் கிழக்கே, சுரங்க வாயிலுக்குப் பக்கத்தில். ரயில் கேட் வழியாகச் சுற்றி வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் கேட்டை மறித்து ஒரு கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது. சிமெண்டு கூட்ஸ் நின்றால் எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்த சனம் கேட்டிலேயே காத்திருக்க, மாப்பிள்ளைக் காரை மட்டும் சுரங்கத்துப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை, எந்த மாப்பிள்ளை

நான் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுரங்க வாயிலுக்கு ஓடினேன். என் சடையைப் பிடித்திருந்ததால் அத்தையும் கூடவே ஓடிவந்தாள்.

உள்ளே முழங்கால் அளவுக்கு மழைத்தண்ணீர் நின்றது. சந்தைச் சாக்கடையும் அதில் சேர்ந்துகொண்டு, அழுகின முட்டைக்கோசு வாசம் எழுந்தது. வளைவுக்கு அப்பால் ஹெட்லைட் வெளிச்சம் மட்டும் தண்ணீரில் ஆடியது. ஆள் யாரும் தெரியவில்லை.

"உள்ள யாரு?" என்று கூவினேன்.

"மாப்பிள்ளை" என்று இரண்டு குரல் சேர்ந்து வந்தது.

"எந்த மாப்பிள்ளை?"

"வேப்பந்தட்டை மாப்பிள்ளை" என்றது ஒன்று. "வரதராசன்பேட்டை மாப்பிள்ளை" என்றது இன்னொன்று.

பூக்காரம்மா வந்து விஷயத்தைச் சொன்னாள். எங்கள் பக்கமாக உள்ளே போனது வரதராசன்பேட்டைக் கார். அதில் அருள்தாஸ் என்ற மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். மேற்கே இருக்கிற மாதா கோயிலில் அவருக்குக் கல்யாணப் பூசை. அவர்களும் கேட்டில் நின்று பார்த்து, அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்தவர்கள்தான்.

"கூவிட்டுப் போங்கன்னு சொன்னேனே. அந்த டிரைவரும் கூவுனாரே" என்றாள் பூக்காரம்மா.

"என்னன்னு கூவுனாரு?"

"வரவான்னு. வேணாங்கறதுக்குள்ள உள்ள பூந்துட்டாரு."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் வீராசாமி அண்ணனும் எங்கள் டிரைவரிடம் கூவிட்டுப் போகத்தான் சொல்லியிருக்கிறார். அவரும் அதையேதான் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மரியாதையாக "வரவா?" என்று கேட்க, சுவர் இரண்டு பேரையும் ஒரே மரியாதையோடு வா என்று கூப்பிட்டிருக்கிறது.

உள்ளே பேச்சு தடித்துக்கொண்டிருந்தது. சுரங்கம் பேச்சைக் காதோரம் கொண்டுவந்து வைக்கும். யாரையும் பார்க்காமலே எல்லாவற்றையும் கேட்டேன்.

"கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கம்மா, நல்ல நேரம் போவுது." இது பெரியப்பா.

"நீங்க எடுங்க. சாமியார் பீடத்துல காத்துக்கிட்டிருக்காரு." இது அருள்தாசின் அம்மா, செசிலியம்மா. மூன்றாம் வகுப்பு டீச்சர். குரலிலேயே பிரம்பு இருந்தது.

"கல்யாணக் காரு பின்னால போவக்கூடாதுங்கம்மா."

"எங்க வூட்டுக் காரு மட்டும் கல்லறைக்கா போவுது? அதுவும் கல்யாணக் காருதான்."

"உங்க வேதத்துல சகுனமெல்லாம் இல்லன்னு சொல்வாங்களே."

"வேதத்துல இல்லங்க. எங்க மாமியாரு இருந்தாங்களே, அவங்க சொல்லியிருக்காங்க."

மாமியார் சொன்னதை யார் எதிர்த்துப் பேசுவது?

காரை விட்டு இறங்கி நடக்கலாம் என்றால், பட்டு வேட்டியோடு சாக்கடையில் முழங்கால் வரை இறங்க வேண்டும். தாலி கட்டப் போகிற பிள்ளை அசுத்தத்தில் கால் வைப்பதாவது என்று பெரியப்பா சொல்ல, கோட்டு சூட்டு போட்ட பிள்ளை எப்படி இறங்கும் என்று செசிலியம்மா சொல்ல, முதல்முறையாக இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு பெரியப்பா காருக்குள் திரும்பிச் சொன்னார்.

"டேய் செல்வராசு. இது சரியா படலைடா. பின்னால எடுத்தமுன்னா நேரா வூட்டுக்குத்தான். வேற நாளு பாத்துக்குவோம்."

வேற நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை பார்த்தவள் நான். அத்தை என் சடையை விட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தால் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தோளில் போட்டிருந்த புதுத் துண்டை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

காருதானே பின்னால போவுது

உள்ளேயிருந்து செசிலியம்மாவின் குரல் வந்தது. வகுப்பில் கணக்குப் போடுகிற குரல்.

"இருங்க, இருங்க. எல்லாரும் வாய மூடுங்க. உங்க புள்ள எந்தப் பக்கம் போவணும்?"

"கெழக்க."

"என் புள்ள?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மேக்க. இப்ப என் காரு பின்னால போனா எந்தப் பக்கம் போவும்?"

"கெழ..." என்று ஆரம்பித்துப் பெரியப்பா நின்றுவிட்டார்.

"கெழக்க. உங்க காரு பின்னால போனா மேக்க. உங்க புள்ளய என் காருல ஏத்துங்க, என் புள்ளய உங்க காருல ஏத்துறேன். அவனவன் போவவேண்டிய பக்கம் அவனவன் போறான். காரு எப்படிப் போனா நமக்கென்ன?"

எனக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. ஆனால் பெரியப்பா இன்னும் மசியவில்லை.

"என்ன இருந்தாலும் ரிவர்ஸ் ரிவர்ஸ்தானம்மா. பின்னால போற காருல உக்காந்து போனா தடங்கல்தான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னையறியாமல் வாயருகே இரண்டு கையையும் குவித்துவிட்டேன்.

"மாமா... காருதாங்க பின்னால போவுது. உங்க புள்ள எங்க வூட்டைப் பாத்து முன்னாலதான வராரு."

"யாரும்மா அது?"

"நான்தாங்க. பொண்ணு."

அத்தை என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "கல்யாணப் பொண்ணு சொரங்கத்துல நின்னு கூவுறா. எந்த ஊருலடி நடக்கும் இது?"

போச்சு என்று நினைத்தேன். வாயாடிப் பெண் என்று இன்னொரு பெயரும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு குரல் கேட்டது. மெதுவான, கொஞ்சம் கட்டைக் குரல்.

"பெரியப்பா, மாலையப் புடிங்க. நான் ஜன்னல் வழியா ஏறுறேன்."

பானெட் மேல் ஒரு பாதை

கதவைத் திறக்க இடமில்லை. இரண்டு பக்கமும் சுவர் முழங்கை தூரத்தில் இருந்தது. ஆனால் இரண்டு அம்பாசிடரும் மூக்கோடு மூக்கு ஒட்டி நின்றதால், பானெட் மேல் ஏறினால் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அங்கிருந்து இங்கே வந்துவிடலாம். செல்வராசு ஜன்னல் வழியாக வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வளைவுக் கூரையில் தலை இடிக்காமல் குனிந்தபடியே இரண்டு பானெட்டையும் கடந்திருக்கிறார். நடுவில் எதிரே அருள்தாஸ் கோட்டு சூட்டில் நாலு காலில் தவழ்ந்து வந்திருக்கிறார். இரண்டு மாப்பிள்ளைகளும் மூக்குக்கு நேராகச் சந்தித்தபோது, "கல்யாணமா?" என்று அவர் கேட்டாராம். "ஆமா. உங்களுக்கும்தானே?" என்று இவர் கேட்டாராம். வேறு என்ன பேசுவது?

மாப்பிள்ளைகள் எளிதாகப் போய்விட்டார்கள். கஷ்டம் பெரியவர்களால் வந்தது. பெரியப்பா கனத்த உடம்பு. செசிலியம்மா கரை போட்ட பட்டு. ஜன்னல் வழியாக வர முடியாமல் பெரியப்பாவின் தொப்பை மாட்டிக்கொண்டதும், டிரைவர் உள்ளிருந்து தள்ளியதும், வெளியிலிருந்து இழுத்தது யார் என்று பார்த்தால் செசிலியம்மா என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்போது கேட்டதெல்லாம் குரல்தான்.

"மூச்ச இழுத்துப் புடிங்க."

"புடிச்சிட்டேன்."

"பேசாதீங்க. பேசுனா மூச்சு போயிடும்."

"சரிங்க டீச்சர்."

அந்த "சரிங்க டீச்சர்" கேட்டு, எங்கள் வாயிலில் கூடியிருந்த சந்தைச் சனமே சிரித்தது. கூரைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் பறந்து வெளியே வந்தன. பூக்காரம்மா கூடையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா துண்டை மடிப்பதை நிறுத்தியிருந்தார்.

இன்றைக்கும் கிறிஸ்துமஸ் என்றால் வரதராசன்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் வரும். பொங்கலுக்கு எங்கள் கரும்பு அங்கே போகும். செசிலியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால், வயதான பிறகும் பெரியப்பா எழுந்துதான் நிற்பார்.

சுரங்கத்தில் இப்போது கார் போவதில்லை. மேம்பாலம் வந்துவிட்டது. வாயிலில் இரும்புக் குழாய் குறுக்கே போட்டு, டூ வீலருக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள். காலேஜ் பிள்ளைகள் உள்ளே நின்று போனைப் பிடித்துக்கொண்டு கத்திப் பார்க்கிறார்கள். சுவர் இன்னமும் கடைசி எழுத்தைத்தான் திருப்பிச் சொல்கிறது.

பின்கண்ணாடியில் ஒரு முகம்

அன்றைக்கு உள்ளே ஆள் மாறி ஏறியதும் என்ஜின் உறுமியது. ஹெட்லைட் வெளிச்சம் தண்ணீரில் பின்னுக்குப் போனது. வளைவைத் தாண்டி, ஒரு காரின் முதுகு மெதுவாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது.

பின்கண்ணாடி முழுக்க ரோஜாப்பூ. வெள்ளைத் தெர்மாகோல் எழுத்தில் இந்தக் கோடியில் அருள்தாஸ், அந்தக் கோடியில் லூர்துமேரி. இரண்டு பேருக்கும் நடுவில், மாலையும் கழுத்துமாக, சீட்டில் முழங்கால் போட்டுத் திரும்பி உட்கார்ந்து, எங்களையே பார்த்துக்கொண்டு என் மாப்பிள்ளை.

முதுகைக் காட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகக்கூடாது என்று பெரியப்பா அப்படி உட்காரவைத்திருக்கிறார். பக்கத்தில் அவரும் அதே மாதிரி முழங்கால் போட்டிருந்தார். மீன் தொட்டியில் இரண்டு மீன் கண்ணாடியை ஒட்டி நிற்குமே, அப்படி இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. காபி டம்ளரைத்தான் பார்த்தேன். சுரங்கத்திலிருந்து பின்பக்கமாக வெளியே வந்த அந்த முகத்தைத்தான் முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். நெற்றியில் கூரையின் கரி. காதில் ஒரு வைக்கோல். அவரும் என்னைப் பார்த்தார். பாதிச் சடையும், தூக்கிச் செருகின புடவையும், வாயருகே இன்னும் இறக்காத கைகளும். அவர் சிரித்தார். நான் ஓடிவிட்டேன்.

சந்தைத் தெருவில் காரைத் திருப்ப இடமில்லை. அதனால் மண்டபம் வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள். தக்காளிக் கூடைகளை இழுத்து வழிவிட்ட சனம், "யாருக்குடி கல்யாணம்?" "லூர்துமேரிக்காம்" "அப்ப வசந்தாவுக்கு?" என்று கேட்டபடியே கூட நடந்தது. நான் பின்கட்டு வழியாக மண்டபத்துக்குள் புகுந்து, ஜன்னலில் நின்றேன். அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலுக்குப் போனாள். காரின் முதுகைப் பார்த்தவள், தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏங்க, நான் முன்னால சுத்தணுமா பின்னால சுத்தணுமா?"

"எந்தப் பக்கம் மொகம் இருக்கோ அந்தப் பக்கம் சுத்துங்க" என்றார் டிரைவர்.

மேற்கே மாதா கோயில் வாசலில், "செல்வராசு – வசந்தா" என்று எழுதின கார் பின்பக்கமாகப் போய் நின்றதும், அங்கே பெண் வீட்டார் வேறு கோயிலுக்கு வந்துவிட்டோமா என்று திகைத்ததும் தனிக் கதை. என் பெயர் என்னைவிட முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்துவிட்டது.

ஆரத்தி முடிந்து மாப்பிள்ளை வாசல்படியில் கால் வைக்கிற நேரம், கேட்டில் காத்திருந்த பஸ்ஸும் வந்து சேர்ந்தது. வேப்பந்தட்டைச் சனம் திபுதிபுவென்று இறங்கியது. அவர்கள் கண்ணில் முதலில் பட்டது பெரியப்பா. வேட்டியில் கிரீஸ், சட்டையில் சுண்ணாம்பு, மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்து அந்தக் கார். அதன் மேல் அந்தப் பெயர்கள்.

கூட்டத்திலிருந்த ஒரு பெரியம்மா, மோவாயில் கைவைத்து, தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டார்.

"என்னங்க இது கோலம்? வேற யாரோ பேரு போட்ட காருல வந்திருக்கீங்க. வழியில ஏதாச்சும் தடங்கலா?"

நாதசுரக்காரர்கூட சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஐயர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வாசலில், கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றார். அவர் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா வேட்டியை உதறினார். தொப்பையைத் தடவிக்கொண்டார். பெயரெழுதின காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தடங்கலா?" என்றார். "ஊர்ல எல்லாரு வூட்டு மாப்பிள்ளையும் ஒரு காருலதான் வருவான். எங்க வூட்டுப் புள்ள ரெண்டு காருல வந்திருக்கான். உள்ள போவ வழிய விடுங்க."

அப்பா நிமிர்ந்தார். மாப்பிள்ளை இன்னும் மணையில் உட்காரவில்லை, நான் ஜன்னலிலேயே நிற்கிறேன், தாலி தட்டில் தேங்காய் மேல் இருக்கிறது. அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. மண்டியில் நின்று குரல் கொடுப்பாரே, அந்தக் குரலில், "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார்.

மேளக்காரர்களும் அடித்துவிட்டார்கள்.